வயிற்றுச் சங்கு

தையல்காரி கல்யாணமாகி வந்தபோது அவள் புருஷனின் வயிறு ஒரு நாடோடி வயிறாக இருந்தது. கிடைத்தால் தின்னும், கிடைக்காவிட்டால் மறந்துவிடும். வேலைக்குப் போகிற அவசரத்தில் காலைச் சாப்பாடு போகும், அரட்டையில் மதியச் சாப்பாடு போகும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ராத்திரி ஒரு பிடி பிடித்துவிட்டு, விடியும்வரை நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவனுக்கு மூடித் தொழிற்சாலையில் வேலை. டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கிற இடம். டப்பாவை வேறெங்கோ செய்தார்கள், அதற்குள் போகிற தீனியை இன்னும் எங்கோ சமைத்தார்கள், இங்கே மூடி மட்டும். பெல்ட்டில் வரிசையாக வருகிற மூடிகளைத் தட்டிப் பார்த்துக் கோணலானதைப் பொறுக்கி எறிவது அவன் பொறுப்பு. எறிந்ததில் சிலது வீட்டுக்கு வரும். அதனால் அவர்கள் சமையலறையில் பாத்திரங்களைவிட மூடிகள் அதிகம். ஒன்றும் எதற்கும் பொருந்தாது.

"வயிறும் துணி மாதிரிதாங்க" என்றாள் தையல்காரி. "ஒரே எடத்துல மடிச்சு ஒரே எடத்துல தேச்சா, மடிப்பு தானா விழும்."

"எனக்கு இப்பப் பசிக்கலையே."

"நான் வயித்தையா கேட்டேன்? உட்காருங்க."

இப்படி உட்காரவைத்து உட்காரவைத்து அந்த வயிற்றைப் பழக்கினாள். காலையில் ஒரே நேரம், மதியத்துக்கு டப்பா, சாயங்காலம் விளக்குப் போட்டதும் தட்டு. முதல் வருஷம் வயிறு முரண்டு பிடித்தது. இரண்டாவது வருஷம் தலையாட்டியது. அப்புறம் அது பழகிய விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் தெருவே சாட்சி. லீவு நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் முட்டையைப் போட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்து நிற்பாள். இந்த வயிறு உறுமியதும் இறக்குவாள். மஞ்சள் கரு ஒரு நாளும் முற்றிப்போனதில்லை. சுவர்க்கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்தபோது தையல்காரி வேறு பேட்டரி வாங்கவில்லை. எதற்கு, தண்டமாக?

அந்த வருஷங்களில் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கன்னம் இரண்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல இருக்கும். டாக்டர் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

கெட்ட காலம் கரண்ட் போன ஒரு நாளில் வந்தது. தொழிற்சாலையில் மூடி அடிக்கிற பிரஸ்கள் எல்லாம் நின்றுவிட்டன. சாப்பாட்டு நேரத்துக்கு ஊதுகிற சங்கும் கரண்டில் ஓடுவதுதான், அதுவும் ஊமை. சாப்பாட்டு நேரமா இல்லையா என்று தெரியாமல் ஜனங்கள் இருட்டில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவன் வயிறு உறுமியது. தகரக் கூரை அதிர்ந்தது. வாட்ச்மேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சங்கண்ணன் என்று பெயர்.

கொஞ்ச நாளில் நிஜச் சங்கு பாதி ஊதலில் இருமி, புகைந்து, ஓய்ந்தது. அதற்கான உதிரிப்பாகம் செய்கிறவர்கள் செத்தே போய்விட்டார்களாம். கைமணி அடித்துப் பார்த்தார்கள், பிரஸ் சத்தத்தில் அடித்தவருக்கே கேட்கவில்லை. மேனேஜர் யோசித்தார். சங்கண்ணனைக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கச் சொல்லி, வயிற்றில் மைக்கை வைத்துப் பார்த்தார்.

அந்த மைக்குக்கு உறை தைத்தது தையல்காரிதான். அதை அவள் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியாது. அன்றைக்கு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மைக்கின் இரும்பு அவன் வயிற்றில் சில்லென்று படக்கூடாதே என்று உள்பக்கம் பஞ்சுத்துணி கொடுத்தாள். இடுப்பு வார் உறுத்தக்கூடாதே என்று ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டாள். கல்யாணச் சட்டைக்குக்கூட அவள் அவ்வளவு பார்த்துத் தைத்ததில்லை.

முதல் நாள் மதியம் தையல் மெஷினில் உட்கார்ந்து காது கொடுத்துக் காத்திருந்தாள். முதலில் கனமான அலமாரி ஒன்றை யாரோ இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அந்த அலமாரிக்குள்ளிருந்து ஒரு சிங்கம் கொட்டாவி விட்டது. ஒலிபெருக்கி அதை வாங்கிக் கூரைகளின் மேல் கொட்டியது. நாய்கள் எழுந்து நின்றன. எதிர்வீட்டு மாடிப் புறாக்கள் கிளம்பிப் போனவை போனவைதான், திரும்பி வரவேயில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "அக்கா, நம்ம அண்ணன் வயிறுதானே?"

"வேற யார் வயிறு இவ்வளவு சுத்தமாப் பேசும்?"

கொஞ்ச நேரம் கழித்து அதே சத்தம் இன்னொரு தடவை வந்தது. இரண்டாவதில் சிங்கத்துக்குக் கோபம் அதிகம். தையல்காரிக்கு அது ஏனென்று புரியவில்லை. சாயங்காலம் அவன் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது புரிந்தது. டப்பா போன கனத்திலேயே திரும்பி வந்திருந்தது.

"ஏங்க, சாப்பிடலையா?"

"எப்படிச் சாப்பிடறது? மொதல் சத்தம் சாப்பிடப் போறதுக்கு. ரெண்டாவது சத்தம் திரும்பி வர்றதுக்கு. நான் நடுவுல சாப்பிட்டுட்டா ரெண்டாவது எங்கேருந்து வரும்?"

"ரெண்டாவது முடிஞ்சப்புறம் சாப்பிடலாமே?"

"அப்பத்தான் பெல்ட் ஓட ஆரம்பிச்சிடுதே. மூடி வந்து விழுது. யாரு தட்டிப் பாக்கறது?"

"திரும்பி வர்றதுக்காவது கடிகாரத்தைப் பாக்கச் சொல்றது."

"நானும் சொன்னேன். ஒரு தொழிற்சாலைக்கு ரெண்டு அதிகாரம் இருக்கக்கூடாதாம். மேனேஜர் சொல்லிட்டாரு." சொல்லும்போது அவன் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. இத்தனை வருஷம் மூடி தட்டியதில் அவனை யாரும் அதிகாரம் என்று சொன்னதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பழைய சங்கு மேனேஜர் கண்ணசைத்தால்தான் ஊதும். மூடி குறைந்துவிட்டால் சாப்பாடு தள்ளிப்போகும். சங்கண்ணன் வயிற்றிடம் அந்தக் கண்ணசைப்பு எடுபடவில்லை. அது யார் சொல்லியும் தள்ளிப்போகாது, யாருக்காகவும் முந்தாது. மூடித் தொழிற்சாலை ஜனங்கள் வாழ்நாளில் முதல்முறையாகத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். புளித்த ஏப்பம் நின்றது. தலைவலி நின்றது. சிடுசிடுவென்று பிரஸ்ஸோடு பிரஸ்ஸாகக் கத்திக்கொண்டிருந்த போர்மேன் ஒரு நாள் பாடினார். எல்லோருக்கும் உடம்பு தேறியது.

தேறியது என்பது தையல்காரிக்குத்தான் முதலில் தெரிந்தது. பேண்ட்டுகள் வந்து குவிந்தன. "அக்கா, இடுப்பு கொஞ்சம் விட்டுக்குடுங்க." "தங்கச்சி, எனக்கும் ரெண்டு விரல்." பிரித்தாள், விட்டுக்கொடுத்தாள். விடுவதற்கு உள்ளே துணி இல்லாத பேண்ட்டுகளுக்கு ஒட்டுப் போடத் துணி வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த துணி அவள் புருஷன் பேண்ட்டிலிருந்து வெட்டியதுதான். ஊருக்கெல்லாம் விட்டுக்கொடுத்த அதே மெஷினில் அவனுக்கு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே தொழிற்சாலைச் சீருடை, ஒரே நிறம், ஒட்டுப் போட்டது வெளியே தெரியாது. அவன் கரைந்த அளவு துணி போர்மேன் இடுப்பில் நடந்துகொண்டிருந்தது.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "புண்ணு. நேரா நேரத்துக்குச் சாப்பிடறதே கிடையாது போலிருக்கே? அவ்வளவு பக்கத்துல தொழிற்சாலைல ஒரு ஆளு வயிறு ஊதுதே, காது கேக்கலையா? அது ஊதினதும் போட்டது போட்டபடி சாப்பிட உட்கார்ந்துடணும்."

"அந்த ஆளே இவருதான் டாக்டர்."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அவன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "என் வயித்துப்புண்ணே உங்களாலதானே ஆறிச்சு!" என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடவேண்டிய மருந்து.

அடுத்து மேனேஜரிடம் போனாள். அவரும் எழுந்து நின்றார். நாற்காலி போடச் சொன்னார். அவளைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்கிற காலமாக இருந்தது.

"அம்மா, இந்த வயிறு உங்க உழைப்பு. எங்களுக்குத் தெரியாதா? நிர்வாகம் மறக்காது."

"அவர் சாப்பிடணும், சார். அவ்வளவுதான் கேக்கறேன்."

"கட்டாயம் சாப்பிடணும்! நேரத்துக்குச் சாப்பிடணும்ங்கறதுதானே நம்ம கொள்கை. அதுக்கு அவரைவிட யாரு பாடுபடறாங்க?" அவர் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "வந்ததுதான் வந்தீங்க, என் பேண்ட்டும் ஒண்ணு இருக்கு. இடுப்பு பிடிக்குது."

உடல்நல விழா என்று ஒன்று வைத்து அவனுக்குப் பரிசும் கொடுத்தார்கள். பளபளவென்று பெரிய சாப்பாட்டுத் தட்டு, நடுவில் 'நேரத்தோடு உண்போம், நலத்தோடு வாழ்வோம்' என்று பொறித்திருந்தது. விழாவில் எல்லோருக்கும் விருந்து. அவன் மட்டும் மேடையில் மைக்கோடு நின்றான். விருந்து எப்போது முடிகிறது என்று யாராவது சொல்லவேண்டுமே.

தையல்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. ஒரு நாள் காலை அவனை உட்காரவைத்து இரண்டு ஆள் சாப்பாட்டைப் போட்டாள். "வேண்டாம்மா, போதும்மா" என்று அவன் கையால் தட்டை மறைத்தான். கையை விலக்கிவிட்டுப் போட்டாள். வயிறு நிரம்பினால் மதியம் எப்படி உறுமும்? உறுமாவிட்டால் அவர்களே வேறு சங்கு பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்கு அது நியாயமான கணக்காகத்தான் பட்டது.

மதியம் வந்தது. கூரைகளுக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. அவள் மெஷினை நிறுத்திவிட்டு அந்த நிசப்தத்தை ஆசையாகக் கேட்டாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

தொழிற்சாலையில் ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை. வயிறு ஊதாமல் எப்படி நிறுத்துவது? பசியைச் சங்கண்ணனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து தன் வயிறு என்ன சொல்கிறது என்று கேட்கிற வழக்கமே அங்கே விட்டுப்போயிருந்தது. டப்பாக்கள் வரிசையாகக் காத்திருந்தன, ஜனங்கள் மூடி அடித்தார்கள். பொழுது சாய்கிற வேளையில் போர்மேன் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப்போன இரண்டு பேர் அவர் மேலேயே விழுந்தார்கள். அன்றைக்கு அடித்த மூடி முழுக்கக் கோணல்.

சாயங்காலம் தெருவில் கூட்டமாக வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். வாட்ச்மேன்தான் பேசினார்.

"எங்க வயித்துல அடிச்சிட்டியே, தங்கச்சி."

"அண்ணே, அவரு எலும்பும் தோலுமா இருக்காரு. உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. அதனாலதானே தெனமும் அவரை நெனச்சுக்கிட்டே சாப்பிடறோம்."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர்கள் நிஜமாகவே அவனை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். சிலர் முதல் கவளத்தை அவன் இருக்கிற திசைக்குக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வார்களாம். அதற்கு மேல் ஒருவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

அவள் புருஷன் அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாரும் என்னை நம்பி இருக்காங்க" என்று சுவரிடம் சொன்னான். "நாளையிலேருந்து காலைலயும் எனக்கு ஒண்ணும் வேண்டாம். எதுக்கு வம்பு?"

ஆக, அவள் போட்ட அந்த ஒரு வேளைச் சாப்பாடு இன்னொரு வேளைச் சாப்பாட்டையும் கொண்டுபோய்விட்டது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிழைக்கிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இவன் நிஜமாகவே வயிற்றைக் கட்டிக்கொண்டு போனான், அவள் தைத்த வாரினால். வாரில் முதலில் ஒரு ஓட்டை கூடப் போட்டாள். பிறகு வாரையே வெட்டிச் சுருக்கினாள். பேண்ட்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பிடித்து, பின்பக்கப் பாக்கெட்டுகள் இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றையொன்று தொட்டன. அப்புறம் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. "நல்லதாப் போச்சு, எந்தப் பாக்கெட்டுல வெச்சோம்னு தேட வேண்டாம்" என்றான். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வாயில் குண்டூசிகள் இருந்தன.

உறுமல் மெலிந்துகொண்டு வந்தது. அலமாரி நாற்காலி ஆயிற்று, நாற்காலி முக்காலி ஆயிற்று. சிங்கம் பூனையானது. தொழிற்சாலையில் ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தார்கள், பிறகு இன்னும் கூட்டினார்கள். ஒரு கட்டத்தில் உறுமலைவிட அவன் மூச்சுத்தான் அதிகம் கேட்டது. தெருவே அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டது.

ஒரு மதியம் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. முதல் நாள் வந்த அதே சத்தம்! கனத்த அலமாரி, அதற்குள் சிங்கம், நீளமான கொட்டாவி. தையல்காரி பாதித் தையலில் எழுந்துவிட்டாள். நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. தேறிட்டாரு! கண் முன்னால் அந்தப் பழைய கன்னங்கள் வந்து நின்றன. கையில் கிடைத்த சோற்றை ஒரு டப்பாவில் போட்டு, பொருந்தாத மூடி ஒன்றை மேலே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தொழிற்சாலைக்கு ஓடினாள்.

வாசலில் வாட்ச்மேனுடைய பெஞ்சில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். மைக் இடுப்பில் இல்லை. காலி உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே ஜனங்கள் சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப… இப்பக் கேட்டது?"

"டேப்பு" என்றார் வாட்ச்மேன். "காலைலேருந்து இவருக்கு ஒண்ணும் வரலை. அமுக்கிப் பாத்தோம், குனிய வெச்சுப் பாத்தோம். அப்புறம் மேனேஜர் டேப்பைப் போடச் சொல்லிட்டாரு. மொத வாரமே பிடிச்சு வெச்சதாம்."

"மொத வாரமேவா?"

"ஆமா. இவரு லீவு போட்டா வேணுமேன்னு. இவருதான் ஒரு நாள்கூட லீவு போடலையே."

"அதை அப்பவே போட்டிருந்தா…"

"நேரடியாக் கேக்கற மாதிரி வராது, தங்கச்சி. டேப்பைப் போட்டா ஜனங்களை மதிக்காத மாதிரி இருக்கும்னு மேனேஜர் நெனச்சாரு. ஒரு விதத்துல அது உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்த மரியாதைதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இனிமே நான் எப்ப வேணும்னாலும் சாப்பிடலாமாம்" என்றான்.

அவள் அங்கேயே டப்பாவைத் திறந்து ஒரு கவளம் எடுத்து ஊட்டினாள். வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் கவளத்தை வாய்க்குள் அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் நகர்த்தினான், மூடியைத் தட்டிப் பார்ப்பதுபோல. யாரோ கொடுத்துவைத்த பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதுபோல ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தான். பிறகு தலையைத் திருப்பித் துப்பினான். அவனுக்கு அது கோணலாகப் பட்டிருக்கவேண்டும்.

வீட்டில் வைத்து அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். காலையில் ஒரே நேரம், மதியம் ஒரே நேரம், விளக்குப் போட்டதும் தட்டு. கஞ்சி வைத்தாள், பழத்தை மசித்தாள், முட்டையை அடித்து ஊற்றினாள். போனது திரும்பி வந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "நேரா நேரத்துக்கு…" என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவளுக்குத் துணி தெரியும். நல்ல துணியில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் மடிப்பு விழவைக்கலாம். நைந்துபோன துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மடிப்பு விழாது, ஓட்டைதான் விழும்.

அவன் மெஷினுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தான். பேண்ட்டில் பிடிப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, அதனால் அவனுக்குப் போர்வை மட்டும். மற்றவர்கள் பேண்ட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. கொண்டுவந்தவர்கள் கட்டிலருகே நின்று, "சங்கண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டதே என்று சாப்பிடப் போனார்கள்.

ஒரு மதியம் கூரைகளுக்கு மேல் உறுமல் எழுந்தது. தினமும் எழுவதுதான். அவன் கண்ணைத் திறந்து அதைக் கவனமாகக் கேட்டான்.

"யாரோ ரொம்பப் பசியில இருக்காங்க போலிருக்கே."

அவள் மெஷினை நிறுத்தினாள். சக்கரம் சும்மா கொஞ்சம் சுற்றி நின்றது.

"கேக்குதா உனக்கு? பெத்த தாய்க்குக் கேட்டா தாங்குமா? பாவம். அவனைக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடேன்."

"சரிங்க" என்றாள்.

பரிசுத் தட்டை எடுத்துத் துடைத்தாள். பொறித்திருந்த எழுத்து மறையும்வரை சோறு போட்டாள். அதைக் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் வீட்டுக்கு வீடு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அவன் தலையைத் திருப்பி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சத்தம் வந்தது. கோபமான சிங்கம். ஜனங்கள் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

"வரலையா அவன்?"

"வரலைங்க."

"வருவான். மூடி வை."

அவள் சமையலறைக்குப் போய் ஒரு மூடியைக் கொண்டுவந்து போட்டாள். அது தட்டில் உட்காரவில்லை. இன்னொன்று கொண்டுவந்தாள்.